நாற்பத்தோராம் அம்பு

அத்தியாயம் 4

அறைக்குள் நுழைந்ததும் துப்பறிவாளர் முதலில் பார்த்தது சுவரில் தொங்கிய அம்புகளை அல்ல, நாற்காலியை.

ஒரே ஒரு நாற்காலி. அதுவும் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. கொஞ்சம் திருப்பிப் போட்டால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தெரு, தெருவில் நாலு மனிதர்கள். அதெல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்த ஒருவர் இங்கே தினமும் உட்கார்ந்திருக்கிறார். கொடியில் ஒரு துண்டு. அலமாரியில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். சலவைக்கடை மாடியில் இருக்கும் தன்னுடைய அறையைத் துப்பறிவாளர் ஒரு நொடி நினைத்துக்கொண்டார். அங்கே தம்ளர் இரண்டு உண்டு. இரண்டாவதை யாரும் தொட்டதில்லை.

"என்ன சார், வாசல்லயே நின்னுட்டீங்க? யாராவது வாங்கன்னு கூப்பிடணுமா?" என்றாள் அவருடைய உதவியாளர்.

நீதிமன்றத்தில் பத்து வருஷம் சுருக்கெழுத்தாளராக இருந்துவிட்டு வந்தவள். அதனால் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் அவள் 'சுருக்கெழுத்து'தான். சுருக்கமெல்லாம் விரலோடு சரி. வாயைத் திறந்தால் முழு நீளம்.

அவர்களை அழைத்துவந்த அம்மாள் கதவோரமாகவே நின்றுகொண்டாள். இந்த அறையில் குடியிருப்பவரின் அக்கா. அந்தத் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஆறடி மனிதர். இப்போது லாக்கப்பில் இருந்தார்.

விஷயம் இதுதான். முந்தாநாள் மாலை ஆறு மணிக்கு, டியூட்டி முடிந்து வந்த ஒரு நர்ஸ், தன் வீட்டு வாசல்கதவில் ஓர் அம்பு தைத்து நிற்பதைப் பார்த்தாள். உங்களுக்கு ஆகாதவர்கள் யாராவது உண்டா என்று போலீஸ் கேட்டது. அவள் ஒரே ஓர் ஆளைச் சொன்னாள்: ஐந்து வருஷத்துக்கு முன்னால் பிரிந்துபோன கணவர், இந்த லென்ஸ்காரர். போலீஸ் இங்கே வந்து பார்த்தால் சுவரெல்லாம் அம்பு. அதற்கு மேல் யார் மூளையைச் செலவழிப்பார்கள்? இன்று மாலை ஐந்து மணிக்கு வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கப் போவதாக இன்ஸ்பெக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். கையெழுத்து விழுந்தால் கொலை முயற்சி.

"என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை சார்," என்றாள் அக்கா. "ஒரு காலத்துல குடிச்சான். ஒரு நாள் ஒன்பது வயசுப் பொண்ணை ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில உட்கார வச்சுட்டு, மறந்து வீட்டுக்கு வந்துட்டான். நாலு மணி நேரம். அவன் பொண்டாட்டி பிரிஞ்சு போனதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கோட குடியை விட்டவன், இன்னைக்கு வரைக்கும் தொடலை."

"போலீஸ் கேட்டதும் ஒத்துக்கிட்டாரா?" என்றாள் சுருக்கெழுத்து.

"ஒரு மணி நேரம் நான் இல்லை, நான் இல்லைன்னுதான் சொன்னான். அப்புறம் அந்த அம்பைக் கொண்டுவந்து மேஜையில வச்சாங்க. கையில எடுத்துப் பார்த்தான். பார்த்துட்டு, நான்தான் எய்தேன்னுட்டான்."

துப்பறிவாளர் அதை மனதில் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு மேஜைப் பக்கம் போனார்.

வீட்டிலேயே அம்பு செய்யக் கற்றுக்கொண்ட ஒருவரின் மேஜை அது. துணி மாட்டும் கிளிப்புகளை ஒரு பலகையில் வட்டமாக ஆணியடித்து, தண்டு அசையாமல் இருக்க ஒரு பிடி செய்திருந்தார். பக்கத்தில் பசை, மெழுகு தேய்த்த நூல், மெல்லிய கத்தி. இரண்டு டப்பாக்களில் வாத்து இறகுகள். ஒன்றின் மேல் 'இடது' என்றும் மற்றதன் மேல் 'வலது' என்றும் எழுதியிருந்தது.

"இறகுல கூடவா இடது வலது?" என்றாள் சுருக்கெழுத்து. "எங்க வீட்ல செருப்புக்கே அதைப் பார்க்க மாட்டாங்க."

"இடது சிறகு இறகு ஒரு பக்கம் வளையும், வலது சிறகு இறகு இன்னொரு பக்கம் வளையும். ஒரு அம்புல மூணு இறகும் ஒரே பக்கத்ததா இருந்தாத்தான் அது சுத்திக்கிட்டே நேராப் போகும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதோ, அவரே எழுதி வச்சிருக்காரே."

டப்பாவுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு அம்புக்கும் ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் அதில் என்ன தப்பு என்று ஒரு குறிப்பு. சுருக்கெழுத்து வாங்கி உரக்கப் படித்தாள்.

"ஒண்ணு. கை நடுங்குகிறது. பசை இறகில் ஒட்டவில்லை, விரலில் ஒட்டியது. ரெண்டு. இறகைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். நாலு. மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரைதான் கஷ்டம். அந்த மூன்று மணி நேரமும் கைக்கு வேலை வேண்டும். ஆறு..." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு இறகு இடது, இரண்டு வலது. கலந்துவிட்டேன். அம்பு குடிகாரன் மாதிரி தள்ளாடிப் போனதாகச் சொன்னார். குடிகாரன் எப்படிப் போவான் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை."

கதவோரம் நின்றிருந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடைசி வரியை விடு," என்றார் துப்பறிவாளர். "அதுக்கு முந்தின வரியை மறுபடி படி."

"தள்ளாடிப் போனதாகச் சொன்னார்."

"யார் சொன்னார்? தான் எய்த அம்பு எப்படிப் போச்சுன்னு இன்னொருத்தர் சொல்லித்தான் தெரியணுமா?"

சுருக்கெழுத்து நோட்டை மூடினாள். அறையை ஒரு சுற்று பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். அலமாரிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"சார், வில்லைக் காணோம்."

"போலீஸும் தேடினாங்க. எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கான்னு நினைச்சுக்கிட்டாங்க. இருந்தாத்தானே ஒளிக்க? சுவரைப் பாரு. ஆணியெல்லாம் அம்புக்கு. வில்லு மாட்டின தடமே கிடையாது. இந்த மனுஷர் வாழ்க்கையில ஒரு அம்பு கூட எய்ததில்லை."

சுவரில் தொங்கியவை ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை, எல்லாம் தோற்றுப்போனவை. அதற்கு மேற்பட்ட எண்கள் அறையில் இல்லை. காலையில் ஸ்டேஷனில் துப்பறிவாளர் பார்த்த அம்பின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் பொறித்திருந்த எண், நாற்பத்தொன்று.

நோட்டின் பதினோராம் குறிப்பு அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லியது. 'மைதானத்தில் காற்று அதிகமாம்.' வில்வித்தை சொல்லித் தரும் மைதானம் ஊரில் ஒன்றுதான்.

மதிய வெயிலில் மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. பயிற்சியாளர் தனியாக உட்கார்ந்து, பிய்ந்துபோன வைக்கோல் இலக்கு ஒன்றைச் சாக்கு ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

"லென்ஸ்காரரைத் தெரியுமா?" என்றார் துப்பறிவாளர்.

"தெரியாது."

"சீக்கிரமா சொல்லிட்டீங்க," என்றாள் சுருக்கெழுத்து. "தெரியாதவங்க கொஞ்சம் யோசிப்பாங்க. யாரு, எந்த லென்ஸ்காரர், எந்தக் கடைன்னு கேட்பாங்க."

பயிற்சியாளர் ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினார். "நான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அதுக்கு மேல கேட்காதீங்க."

"அவரைப் பத்திக் கேட்கலை. அம்பைப் பத்திக் கேட்கறேன்," என்றார் துப்பறிவாளர். காலையில் ஸ்டேஷனில் அம்பை அளந்துகொண்டு வந்திருந்த நூலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இந்த நீளத்துக்கு ஒரு அம்பு. ஆறடி உயர ஆள் இதை எய்ய முடியுமா?"

"முடியாது. அவர் கை நீளத்துக்கு இழுத்தா முனை வில்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துடும். விட்டா அவர் கையிலயே தைக்கும்."

"அப்ப யாருக்குச் சரியா இருக்கும்?"

"பதிமூணு, பதினாலு வயசுப் பிள்ளைக்கு..." பயிற்சியாளர் பாதியில் நிறுத்தினார். நிறுத்தின இடமே பதிலாகிவிட்டது.

"அவர் பொண்ணு இங்கதான் கத்துக்கறா. இல்லையா?"

பயிற்சியாளர் இலக்கை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு தானே தொடங்கினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்து நின்னார். என் பொண்ணுக்கு நான் அம்பு செஞ்சு தரலாமா, கிளப் அம்புன்னு சொல்லிக் குடுப்பீங்களான்னு கேட்டார். பத்தொன்பது தடவை திருப்பிக் கொடுத்தேன் சார். இது கோணல், இது கனம், இதுல இறகு தப்புன்னு. ஒரு தடவை கூட முகம் சுருங்கலை. சரி சார்னு வாங்கிக்கிட்டுப் போவார். இருபதாவதை நான் எய்து பார்த்தேன். நூல் பிடிச்ச மாதிரி போச்சு. அவர்கிட்ட சொன்னேன். அந்த பெஞ்சுல உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கலை."

"பொண்ணு எய்யறதைப் பார்க்க வருவாரா?"

"புதன்கிழமை மத்தியானம்தான் வருவார். பிள்ளைங்க யாரும் இல்லாத நேரம். அவளுக்குப் பதினஞ்சு வயசு ஆகற வரைக்கும் அவ கண்ணுல படக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவாம். வேலிக்குப் பின்னாடி நின்னாவது பாருங்கன்னு நான்தான் சொன்னேன். அது ஏமாத்தறது சார்னுட்டார். அவ கை எவ்வளவு நீளம் வளர்ந்திருக்குன்னு மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கேட்டுக்குவார்."

"நாற்பத்தோராம் நம்பர் அம்பு?"

"போன புதன்கிழமை குடுத்த ஆறுல ஒண்ணு. ஆறும் அவ பையிலதான் இருக்கும்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தை அடையும்வரை சுருக்கெழுத்து வாயைத் திறக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

"அம்பைப் பார்த்ததும் நம்பரைப் பார்த்திருக்கார்," என்றாள் கடைசியில். "பொண்ணுகிட்ட இருக்க வேண்டிய அம்புன்னு தெரிஞ்சுபோச்சு. நான்தான்னுட்டார். இப்ப நாம போய் உண்மையைச் சொன்னா, அப்பா வெளிய வருவார், பொண்ணு உள்ள போவா. நல்ல வேலை சார் நமக்கு."

துப்பறிவாளருக்கும் அதேதான் நெஞ்சில் குறுக்கே நின்றது. "முதல்ல கதவைப் பார்ப்போம்," என்றார்.

நர்ஸ் வீடு, நெருக்கியடித்து நின்ற வீடுகளுக்கு நடுவில் இருந்தது. வாசலில் முதலில் ஒரு கம்பிக் கதவு. இரண்டு விரல் நுழையும் இடைவெளியில் கம்பிகள். அதற்குப் பின்னால் மூன்றடி தள்ளி மரக்கதவு. மரக்கதவின் வெளிமுகத்தில், நெஞ்சு உயரத்தில், அம்பு பிடுங்கிய ஓட்டை.

நர்ஸ் சீருடையைக்கூட மாற்றாமல் நின்றாள். தூங்கி இரண்டு நாள் ஆன முகம். "அவர்தான்னு அவரே சொல்லிட்டாரே. இன்னும் என்ன?" என்றாள்.

"ஒரே ஒரு கேள்விம்மா. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் என்ன செஞ்சீங்க?"

"அம்பைப் பார்த்தேன். உள்ள பொண்ணு தனியா இருக்காளேன்னு பதறிப் போய்த் திறந்தேன். அந்த அவசரத்துல சாவி ரெண்டு தடவை கீழ விழுந்துது."

"எந்தச் சாவி?"

"கம்பிக் கதவுப் பூட்டு..." நர்ஸ் நிறுத்தினாள்.

"பூட்டியிருந்துதா?"

"பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்ததும் உள்ளேர்ந்து பூட்டிக்குவா. தினமும் அப்படித்தான்."

துப்பறிவாளர் கம்பிக் கதவைச் சாத்தி, இரண்டு விரலை இடைவெளியில் நுழைத்துக் காட்டினார். "ஸ்டேஷன்ல அம்பைப் பார்த்தேன்மா. மூணு இறகுல ஒண்ணு கூடக் கலையலை. இந்தக் கம்பிக்குள்ள பூந்து வந்திருந்தா இறகு பிஞ்சு நாராயிருக்கும். அப்புறம் இந்த ஓட்டையைப் பாருங்க. நேரா இல்லை, கைப்பிடிப் பக்கமா சாய்ஞ்சிருக்கு. வெளியேர்ந்து எய்யணும்னா ஆள் அந்தப் பக்கம் நின்னிருக்கணும்."

"அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர்தானே இருக்கு," என்றாள் சுருக்கெழுத்து. "செங்கல்லுக்குள்ள நின்னு எய்தாரா?"

துப்பறிவாளர் மரக்கதவை உள்பக்கமாக முழுக்கத் தள்ளினார். கதவு சுவரோடு போய் ஒட்டியது. அதன் வெளிமுகம், ஓட்டையோடு, இப்போது ஹாலைப் பார்த்து நின்றது. ஓட்டை சாய்ந்திருந்த திசையில் ஹாலின் மறுகோடி. அங்கே ஓர் அறைவாசல். அந்த வாசலில், இடக்கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண் நின்றிருந்தாள்.

"நான்தான்மா," என்றாள் அவள்.

நர்ஸ் பக்கத்திலிருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். "ஏண்டி?" என்றாள்.

அந்தப் பெண் அழவில்லை. யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "கிளப் அம்புன்னு கோச் குடுப்பார். கிளப் அம்புன்னா எல்லாருக்கும் ஒரே அளவாத்தானே இருக்கணும்? நான் வளர வளர என்னோட அம்பு மட்டும் எப்படி வளரும்? ஒவ்வொரு தடவையும் சரியா என் கை அளவுக்கு. அவ்வளவு பொடி எழுத்துல நம்பர் போட லென்ஸ் தேய்க்கற கையைத் தவிர யாரால முடியும்? கோச்கிட்ட கேட்டேன், சொல்லலை. அத்தை வீடு எங்கன்னு தெரியாது. உன்கிட்ட அப்பாங்கற வார்த்தையை எடுத்தா நீ ரெண்டு நாள் பேச மாட்டே."

"அதுக்காகக் கதவுல எய்வியா?"

"இப்படித் திறந்து வச்சு எய்துட்டு, கதவைச் சாத்திட்டேன். போலீஸ் வந்தா அம்பு செஞ்சவங்களைத் தேடிக் கண்டுபிடிப்பாங்கன்னு நினைச்சேன். எங்க இருக்கார்னு தெரிஞ்சா போதும்னு இருந்துது. அவரே ஒத்துக்குவார்னு நினைக்கலை. நேத்துலேர்ந்து சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். பயமா இருந்துது."

துப்பறிவாளர் இருபது வருஷமாக ஆட்களைத் தேடிக்கொடுத்து வந்தவர். ஆளைத் தேட இப்படி ஒரு வழியை யாரும் கையாண்டு அவர் பார்த்ததில்லை. மிரட்டல் என்று எல்லோரும் நினைத்த அம்பு, விலாசம் கேட்டு அனுப்பிய கடிதமாக இருந்தது.

"நம்ம ஆபீஸ்ல ஒரு இடம் காலி இருக்குன்னு சொல்லட்டுமா சார்?" என்று சுருக்கெழுத்து முணுமுணுத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. "என்னோட இடத்தையே குடுத்துடலாம்."

நர்ஸ் எழுந்தாள். மகளின் செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். "மணி நாலே கால். நடந்தா நேரமாகும். ஆட்டோ பிடிக்கலாம்," என்றாள்.

ஸ்டேஷனில் லென்ஸ்காரர் முன்னால் காகிதம் தயாராக இருந்தது. உயரமான, ஒடுங்கிய மனிதர். துப்பறிவாளர் மட்டும் முதலில் உள்ளே போய் எதிரே உட்கார்ந்தார்.

"வில் எங்கே?"

"தூக்கி எறிஞ்சுட்டேன்."

"எந்தக் கையால இழுப்பீங்க? காட்டுங்க."

லென்ஸ்காரர் கையைத் தூக்கினார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்தபடி இருந்தார். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார், துப்பறிவாளரைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார்.

"விட்டுடுங்க சார்," என்றார் லென்ஸ்காரர், துப்பறிவாளருக்கு மட்டும் கேட்கும்படி. "அவ படிக்கிற பிள்ளை. எனக்கு உள்ள இருந்தாலும் வெளிய இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை."

அதில் பொய் இல்லை என்று துப்பறிவாளருக்குத் தெரிந்தது. அந்த நாற்காலியைப் பார்த்தவர் அவர்.

அப்போதுதான் நர்ஸ் மகளின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். லென்ஸ்காரர் சட்டென்று எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்ஸ்பெக்டர் சார், அவளை வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நான் பார்க்கக் கூடாது. உத்தரவு இருக்கு."

"உத்தரவை நான்தான் கேட்டு வாங்கினேன்," என்றாள் நர்ஸ். "அதை மாத்தணும்னா நானே போய்க் கேட்டுக்கறேன். புகாரையும் நான் திரும்ப வாங்கிக்கறேன் சார். வெளி ஆள் யாரும் எய்யலை. எங்க வீட்டுக்குள்ளயே நடந்த விஷயம்." மகளின் கையை விட்டாள்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுக் காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். போலீஸை அலைக்கழித்ததற்கு அந்தப் பெண்ணுக்கு நாலு வார்த்தை சொல்ல வாயெடுத்தவர், சுருக்கெழுத்து பார்த்த பார்வையில் அதையும் விழுங்கிவிட்டார்.

லென்ஸ்காரர் சுவரை விட்டுத் திரும்பினார். அப்பாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து வருஷம் கழித்துச் சொல்ல ஒரு நல்ல முதல் வார்த்தை அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

"கொஞ்சம் இடது பக்கமா இழுக்குதுப்பா," என்றாள் அவள்.

அவருக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. "எவ்வளவு?" என்றார்.

அவள் இரண்டு விரலை நீட்டினாள். "முப்பது மீட்டர்ல இவ்வளவு."

"இறகை வெட்டறப்ப ஒரு ஓரம் தூக்கலா விட்டிருப்பேன்," என்றார். "எய்யறப்ப நின்னு பார்த்தாத்தான் சரியாத் தெரியும்."

நர்ஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்குப் பயிற்சி. தாமதமா வந்தா அவளுக்குப் பிடிக்காது."

துப்பறிவாளரும் சுருக்கெழுத்தும் வெளியே வந்தார்கள். அவளுடைய பஸ் உடனே வந்துவிட்டது. படியில் நின்று ஏதோ கேலியாகச் சொல்ல வந்தவள், சொல்லாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

அவர் கொஞ்ச நேரம் நிறுத்தத்திலேயே நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தான் எங்கே இருக்க வேண்டும், தாமதமாக வந்தால் யாருக்குப் பிடிக்காது என்று யோசித்துப் பார்த்தார். ஒரு பெயரும் வரவில்லை. அவருடைய பஸ்ஸும் வந்தது, நின்றது, போயிற்று. அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.